5 வோல்ட்டுக்கு 7 வோல்ட் கமிஷனா?

வேலை தேடிப் பெங்களூர் வந்து, சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் வாடகை அறையில் காலம் தள்ளிய பழைய ஆட்களுக்கு ‘எலிமினேட்டர்’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாதாமாதம் பேட்டரி செல் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள், சுவர் பிளக்கில் செருகி ரேடியோவையும் டேப் ரிக்கார்டரையும் ஓட்டுவதற்கு உதவிய சிறு பெட்டி அது. எப்போது தொட்டாலும் வெதுவெதுப்பாக இருக்கும். ‘கரண்டில் ஓடுகிறது, சுடத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுவோம்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? நாம் காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் ஒரு பகுதி, எந்த வேலையும் செய்யாமல் வெளியேறுகிறது. அதுதான் சூடு. இந்த விரயத்தைத் தடுக்க இஞ்சினீயர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டதன் பலன்தான், இன்று நம் சட்டைப் பையிலுள்ள செல்போன் காலையிலிருந்து இரவு வரை தாக்குப் பிடிப்பது.

பாதியில் நின்ற குரல்

1980-களின் பிற்பகுதியில் நான் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தேன். ஓர் அறையில் நான்கு பேர். அறை நண்பர் ஒருவருடைய தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து ரயிலேறி வந்த ஒருவர் மூலம், தம் குரலை ஒரு காஸெட்டில் பதிவு செய்து மகனுக்கு அனுப்பியிருந்தார். டேப் ரிக்கார்டருக்கு வேண்டியது 6 வோல்ட். ‘செல் எதற்கு? நானே எலிமினேட்டர் செய்து தருகிறேன்’ என்று வீரம் பேசினேன். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கண்டன்சர், 7806 என்ற மூன்று கால் ஐ.சி. வேலை முடிந்தது.

காஸெட் ஓடத் தொடங்கியது. ஊர்ச் சமாச்சாரங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி வந்த அம்மா, மகனுக்குப் பெண் பார்த்த விஷயத்துக்கு வந்தபோது குரல் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே ஓடிற்று. மறுபடி நின்றது. ஐ.சி. கெட்டுவிட்டது என்று வேறொன்று மாற்றினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் நான்கு செல் வாங்கி வந்தார்.

மறுநாள் எஸ்.பி. ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியிடம் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பத்து நிமிடம் ஓட விட்டுவிட்டு, “தம்பி, ஐ.சி. மேல விரல வையி” என்றார். வைத்த வேகத்தில் எடுத்தேன்.

“ஐ.சி. கெட்டுப் போகலை. சூடு தாங்காம தன்னைத்தானே நிறுத்திக்கிடுது. ஆறினா மறுபடி வேலை செய்யுது. கெட்டது ஐ.சி. இல்ல தம்பி, உன் கணக்கு” என்றார்.

அன்று அவர் ஒரு சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மின்சாரம், டயோடும் கண்டன்சரும் கடந்த பிறகு சுமார் 15 வோல்ட்டாக நிற்கும். டேப் ரிக்கார்டருக்குத் தேவை 6 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது 3 வாட். மீதி 9 வோல்ட்? அதே அரை ஆம்பியரோடு பெருக்கினால் நாலரை வாட். அவ்வளவும் அந்தச் சிறு ஐ.சி.யின் உடம்பிலேயே சூடாக எரிந்தது. அலுமினியத் தகடு மாட்டாத நிலையில் அது தாங்குவதோ ஒன்று, ஒன்றரை வாட்தான்.

சீரான வோல்டேஜ் எதற்கு?

வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கும் டெலிவிஷனுக்கும் ஸ்டெபிலைசர் வைப்பதை அறிவோம். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது ‘டக், டக்’ என்று சத்தமிட்டு, டிரான்ஸ்பார்மரின் இணைப்பை மாற்றிச் சரி செய்கிறது. ஆனால் அது படிப்படியாகச் செய்யும் முரட்டு வேலை. பத்து, இருபது வோல்ட் முன்பின்னாக இருந்தாலும் மோட்டார் பொறுத்துக்கொள்ளும்.

ஐ.சி. பொறுத்துக்கொள்ளாது. ஒரு காலத்தில் கணிப்பொறிகளிலும் டெலிபோன் சாதனங்களிலும் நிறைந்திருந்த 74 வரிசை ஐ.சி.களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு 5 வோல்ட் வேண்டும். 4.75-க்குக் கீழே போனால் கணக்கு தப்பலாம், 5.25-க்கு மேலே போகக் கூடாது. 7 வோல்ட்டைத் தாண்டினால் பொருளே பாழாகலாம். சுமை கூடினாலும் குறைந்தாலும், வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் 5 என்றால் 5 இருக்க வேண்டும். இந்தக் காவல் வேலையைச் செய்வதே வோல்டேஜ் ரெகுலேட்டர்.

மூன்று கால் காவலன்

முன்பு இந்தக் காவலனைப் பல டிரான்ஸிஸ்டர்களையும் ரெஸிஸ்டர்களையும் கோத்துக் கட்ட வேண்டியிருந்தது. அதை ஒரே சிலிக்கன் துணுக்கில் அடக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் வைட்லர் என்ற அமெரிக்க இஞ்சினீயர். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1969-ல் எல்.எம்.109 என்ற ஐ.சி.யை உருவாக்கினார். மூன்றே கால்: ஒன்றில் மின்சாரம் உள்ளே போகும், ஒன்றில் 5 வோல்ட் வெளியே வரும், ஒன்று பொது. அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் மட்டுப்படுத்தும். சூடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும். என்னுடைய மூன்று ஐ.சி.களையும் காப்பாற்றியது இதே ஏற்பாடுதான்.

அதைத் தொடர்ந்து 1970-களில் பரவிய 78 வரிசை இன்றும் கடைகளில் கிடைக்கிறது. 78-க்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள்தாம் வோல்ட். 7805 என்றால் 5 வோல்ட், 7812 என்றால் 12 வோல்ட்.

உள்ளே நடப்பது என்ன? அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பால் எழும்பினால் தீயைக் குறைக்கிறாள், அடங்கினால் கூட்டுகிறாள். ரெகுலேட்டரும் வெளியே வரும் வோல்டேஜை ஓயாமல் ஓர் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கூடினால் உள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டரை இறுக்குகிறது, குறைந்தால் தளர்த்துகிறது.

அந்த அளவுகோலே சூட்டில் மாறிவிட்டால்? இங்கேதான் வைட்லரின் சாமர்த்தியம். சிலிக்கன் சந்தி ஒன்றின் வோல்டேஜ், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறையும். வெவ்வேறு அடர்த்தியில் மின்னோட்டம் பாயும் இரு சந்திகளின் வோல்டேஜ் வித்தியாசமோ, சூடு ஏற ஏறக் கூடும். ஒன்று குறைய, மற்றது கூட, இரண்டையும் தக்க விகிதத்தில் கூட்டினால் சூட்டுக்கு அசையாத ஓர் அளவு கிடைக்கிறது. அது சுமார் 1.2 வோல்ட். அன்றைய எல்.எம்.109-லும் இன்றைய செல்போன் ஐ.சி.யிலும் இதே தத்துவம்தான் அளவுகோலாக இருக்கிறது.

கமிஷன் கணக்கு

ஆனால் இந்தக் காவலனிடம் ஒரு குறை. ஊருக்கு 12 ரூபாய் அனுப்பச் சொல்லி ஒருவரிடம் கொடுக்கிறோம். வீட்டில் கொண்டுபோய் 5 ரூபாய் கொடுத்துவிட்டு, 7 ரூபாய் என் கமிஷன் என்கிறார். இரண்டாம் முறை அவரிடம் கொடுப்போமா?

7805 செய்வது அதுதான். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி ஒரு ஆம்பியர் தரும்போது, உள்ளே போவது 12 வாட், வெளியே வருவது 5 வாட். நூற்றுக்கு 42 பங்குதான் உருப்படி. 7 வாட் சூடு. அதைக் காற்றில் கலக்க அலுமினியத் தகடு; தகடும் போதாதென்றால் காற்றாடி. சுவர் மின்சாரத்தில் ஓடும்போது இது பில்லில் தெரியும் நஷ்டம். பேட்டரியில் ஓடும்போதோ, பாதி வழியில் உயிரை விடும் நஷ்டம்.

அண்ணாச்சி எனக்குச் சொன்ன வழி எளிமையானது. “12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் எதுக்கு? 9 போடு” என்றார். உள்ளே வருவது சுமார் 11 வோல்ட்டாகக் குறைந்தது. வீணாவது நாலரை வாட்டிலிருந்து இரண்டரை வாட்டாக இறங்கிற்று. ஒரு தகடும் மாட்டினோம். அதற்கு மேல் இறக்க முடியாது. இந்த வகை ஐ.சி. ஒழுங்காக வேலை செய்ய, வேண்டிய அளவைவிட 2 வோல்ட்டாவது அதிகம் கொடுத்தாக வேண்டும்.

தையல் மெஷின் காட்டும் வழி

வீணாக்காமல் குறைக்க முடியாதா? முடியும். கால் மிதித் தையல் மெஷினைப் பாருங்கள். கால் விட்டு விட்டுத்தான் மிதிக்கிறது. ஆனால் ஊசி சீராக ஓடுகிறது. நடுவில் உள்ள கனமான சக்கரம், மிதித்த வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மிதிக்காத நொடியிலும் விடாமல் சுழல்கிறது. வேகம் குறைய வேண்டுமானால் தையல்காரர் பிரேக் பிடித்துக்கொண்டே மிதிப்பதில்லை, மிதிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். 7805 பிரேக் பிடித்துக்கொண்டே மிதிக்கும் ஆள்.

‘ஸ்விட்சிங் ரெகுலேட்டர்’ என்பது மிதிப்பதைக் குறைக்கும் ஆள். இதில் டிரான்ஸிஸ்டர் ஒன்று வெறும் ஸ்விட்சாக, வினாடிக்குப் பல்லாயிரம் முறை, இன்று பல லட்சம் முறை, போட்டு அணைக்கப்படுகிறது. ஸ்விட்ச் முழுதும் போட்டிருக்கையில் அதில் மின்னோட்டம் பாய்கிறது. ஆனால் அதன் இரு முனைக்கும் இடையே வோல்டேஜ் அநேகமாக இல்லை. அணைத்திருக்கையில் வோல்டேஜ் உண்டு, மின்னோட்டம் இல்லை. இரண்டையும் பெருக்கினால்தானே சூடு? எப்போதும் ஒன்று பூஜ்யம் என்றால் சூடு ஏது?

தையல் மெஷின் சக்கரத்தின் வேலையை இங்கே ஒரு கம்பிச் சுருள் செய்கிறது. காயில் என்றும் சோக் என்றும் மெக்கானிக்குகள் அழைப்பது இதைத்தான். ஸ்விட்ச் அணைந்ததும் மின்னோட்டம் சட்டென்று நிற்கக் காயில் விடாது. ஒரு டயோடு வழியாகத் தொடர்ந்து ஓட வைக்கும். மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கண்டன்சர் தொட்டிபோல வாங்கிச் சமன் செய்யும். 12-ஐ 5 ஆக்க வேண்டுமானால் நூற்றுக்குச் சுமார் 42 பங்கு நேரம் ஸ்விட்சைப் போட்டு வைத்தால் போதும். நூற்றுக்கு 90 பங்கு உருப்படியாகும் என்று வைத்துக்கொண்டால், 5 வாட் தருவதற்கு வீணாவது சுமார் அரை வாட். 7 வாட் எங்கே, அரை வாட் எங்கே!

விண்கலங்களிலும் ராணுவக் கருவிகளிலும் 1960-களிலேயே இம்முறை உண்டு. ஆனால் கட்டுவது கடினம், விலையும் அதிகம். 1976-ல் சிலிக்கன் ஜெனரல் நிறுவனத்தின் ராபர்ட் மம்மானோ, ஸ்விட்சைப் போட்டு அணைக்கும் மூளை முழுவதையும் எஸ்.ஜி.1524 என்ற ஒரே ஐ.சி.யில் அடக்கினார். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த ஸ்விட்சிங் பவர் சப்ளை, காற்றாடி இல்லாமலே அதை ஓட வைத்தது.

இன்றைய செல்போன் சார்ஜர் சிறுத்ததற்கும் இதுவே காரணம். பழைய எலிமினேட்டரில் டிரான்ஸ்பார்மர் வினாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்தில் வேலை செய்ததால், இரும்புப் பட்டைகளோடு கனமாக இருந்தது. புதியதில் 230 வோல்ட் முதலில் சுமார் 325 வோல்ட் நேர் மின்சாரமாக்கப்பட்டு, பிறகு வெகு வேகமாக நறுக்கப்படுகிறது. வேகம் கூடினால் டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருந்தாலே போதும்.

இரண்டும் வேண்டும்

அப்படியானால் பழைய முறையைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. வேகமாகப் போட்டு அணைப்பதில் இரைச்சல் உண்டு. அது ரேடியோ பகுதியிலும் ஒலிப் பகுதியிலும் புகுந்தால் கரகரக்கும். தவிர, ஒவ்வொரு முறை போட்டு அணைக்கும்போதும் கொஞ்சம் சக்தி போகும். வேகத்தை மிகவும் கூட்டினால் அந்தக் கொஞ்சமும் பெரிதாகும்.

செல்போன் பேட்டரி சுமார் 3.7 வோல்ட். அதிலிருந்து 3.3 வோல்ட் எடுக்கப் பழைய முறையே போதும். வித்தியாசம் குறைவாதலால் நூற்றுக்கு 89 பங்கு உருப்படியாகும். இதற்கென்றே, 2 வோல்ட் அதிகம் கேட்காமல் மிகச் சிறு வித்தியாசத்தில் வேலை செய்யும் ரெகுலேட்டர்கள் வந்துவிட்டன. ஆனால் அதே பேட்டரியிலிருந்து பிராசஸருக்கு 1 வோல்ட் எடுக்கப் பழைய முறையைப் பிடித்தால் 27 பங்குதான் மிஞ்சும். அங்கே ஸ்விட்சிங் முறைதான் கதி. ஆகவே போனுக்குள் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அதனதன் வேலையைச் செய்கின்றன.

தங்கவயல் சொல்லும் பாடம்

பிராசஸருக்கு ஏன் 1 வோல்ட்? ஐ.சி. ஒரு கணக்குப் போட ஆகும் சக்தி, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 வோல்ட் 1 வோல்ட்டானால், மற்றவை மாறாதிருக்க, சக்திச் செலவு இருபத்தைந்தில் ஒரு பங்காகும். வேலை குறைந்த நேரத்தில் 1 வோல்ட்டை 0.8 ஆக்கினால் ஒவ்வொரு கணக்குக்கும் 100-க்கு 64 போதும். நீங்கள் போனைப் பையில் போட்டதும் அது வேகத்தையும் வோல்டேஜையும் தணித்துக்கொள்கிறது; சினிமா பார்த்தால் உயர்த்திக்கொள்கிறது.

பெரிய கம்ப்யூட்டர்களில் இது வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. 100 வாட் பிராசஸருக்கு 1 வோல்ட் என்றால் மின்னோட்டம் 100 ஆம்பியர்! வழியில் ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 10 வாட் சூடாகப் போய்விடும்.

இதற்கு விடை நமக்குப் பழக்கமான இடத்திலேயே இருக்கிறது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உண்டாக்கிய மின்சாரம், 1902-ல் சுமார் 147 கிலோ மீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001-ல் மூடப்பட்ட அதே சுரங்கங்களுக்குத்தான். அவ்வளவு தூரம் கம்பியில் வீணாகாமல் போக, வோல்டேஜை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வோல்டேஜை இறக்கிக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டர் போர்டிலும் அதுதான் நடக்கிறது. 12 வோல்ட்டாகப் பிராசஸரின் வாசல் வரை கொண்டுபோய், அங்கே 1 வோல்ட்டாக இறக்குகிறார்கள். ஒரே ரெகுலேட்டர் 100 ஆம்பியர் சுமக்க முடியாதென்று, பல ரெகுலேட்டர்கள் ஷிஃப்ட் ஆட்கள்போல முறை வைத்துத் தள்ளுகின்றன. டயோடில் வீணாகும் அரை வோல்ட்டுகூட இங்கே பெரிய நஷ்டம் என்பதால், அதன் இடத்திலும் டிரான்ஸிஸ்டர் ஸ்விட்சையே வைத்தார்கள். 2013-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஹாஸ்வெல் பிராசஸரிலோ ரெகுலேட்டரே வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1985-ல் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 2011-ல் வைட்லர் வேலை பார்த்த நேஷனல் செமிகண்டக்டரையே வாங்கிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் அறிந்து நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். பழைய கனமான அடாப்டர் வீட்டில் இருந்தால், வேலை முடிந்ததும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சும்மா இருந்தாலும் அது மின்சாரம் தின்னும். 2 வாட் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ஏறத்தாழ ஒன்றரை யூனிட் ஆகிறது. அடாப்டர் மாற்றும்போது வோல்ட் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறைவாக இருக்கக் கூடாது. செல்போன் சார்ஜர் வாங்கும்போது பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைப்பதில், 325 வோல்ட் பக்கத்தையும் உங்கள் கை படும் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு சரியாக இல்லாமல் போகலாம். அது காசு விஷயம் அல்ல, உயிர் விஷயம். சார்ஜர் கை வைக்க முடியாத அளவு சுட்டால், காரணம் கேட்காமல் மாற்றுங்கள்.

என் அறை நண்பர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். காஸெட்டில் அம்மா சொன்ன அந்தப் பெண்ணைத்தான் மணந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளோடு தினமும் இரவில் செல்போனில் பேசுகிறார். எவ்வளவு நேரம் பேசினாலும் குரல் பாதியில் நிற்பதில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும், “எலிமினேட்டர் ஏதும் செய்து கொடுத்துவிடாதே அப்பா” என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்.